ஆர்கான் வெல்டிங் மெஷினோடு நாலு வருஷம்

கோவை கணபதி பக்கம் ஒரு சின்னத் தகர ஷெட்டு, அதுதான் நம்ம பட்டறை. ஓட்டல் சமையலறைக்கு மேசை, சிங்க், கூடவே வீட்டு மாடிப்படிக் கைப்பிடி என்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையில்தான் பிழைப்பு. 2020 வரைக்கும் கையில் இருந்தது ராடு வெல்டிங் மட்டும், அதாவது பூச்சுப் போட்ட குச்சியையே உருக்கி ஒட்டுவது. உருகும் இடத்தில் காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவால் மூடி ஒட்டும் ஆர்கான் வேலை வந்தால் ஆவாரம்பாளையத்தில் தெரிந்த பட்டறைக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, "நாளைக்கு வாங்க" என்று இழுக்கும் நாலு நாள். சரி, நாமே ஒன்று வாங்கிவிடுவோம் என்று 2021 பிப்ரவரியில் 200 ஆம்பியர் டிசி (ஒரே திசை மின்சாரம்) இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை எடுத்தேன். சிங்கிள் பேஸ், 27,000 ரூபாய். ரசீதில் டிக் மெஷின் என்று இருக்கும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆர்கான் மெஷின்தான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பழுதானதையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் விலை மட்டும் செலவு இல்லை. சிலிண்டர் டெபாசிட், ஃப்ளோ மீட்டர் வைத்த ரெகுலேட்டர், டங்ஸ்டன் (கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில் ஆர்க் என்ற மின்பொறி பற்றும் ஊசி), ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி), ஹெல்மெட், ஒயரிங் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையில் பாதியைத் தாண்டியது.

ஒயரிங்கில்தான் முதல் அடி வாங்கினேன். சுவரில் இருந்த 16 ஆம்பியர் பிளக்கிலேயே மாட்டி ஓட்டினேன். ஆர்கானில் 70, 80 ஆம்பியரில் தகடு ஒட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை, லைனில் பத்து ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஒரு நாள் அதே மெஷினில் ராடு போட்டு 160 ஆம்பியரில் ஆங்கிள் ஒட்டினேன். அப்போது லைனில் 30 ஆம்பியருக்கு மேல் போகும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பிளக் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் பிறகு போர்டிலிருந்து தனியாக 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்), இரும்புப் பெட்டி சாக்கெட் போட்டேன். எர்த் குழியும் புதிதாகத் தோண்டினோம். மழைக்காலத்தில் நனைந்த கையுறையோடு டங்ஸ்டன் மாற்றினால் சுருக்கென்று பிடிக்கும். ஆர்க் இல்லாதபோதும் டார்ச் முனையில் 60, 70 வோல்ட் நிற்கும் மெஷின் இது. டங்ஸ்டன் மாற்ற வேண்டுமென்றால் இப்போதெல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் டார்ச்சைத் திறக்கிறோம்.

அடுத்தது கேஸ். நாலு வருஷத்தில் என் காசை அதிகம் தின்றது இதுதான், என் அறியாமையால். நீல நிறச் சிலிண்டர், 7 கன மீட்டர், நிரப்பி வரும்போது 150 கிலோ பிரஷர் காட்டும். ஆரம்பத்தில் "அதிகம் விட்டால் நல்லா வரும்" என்று நிமிஷத்துக்கு 15 லிட்டர் வைத்தேன். டார்ச் எட்டு மணி நேரம் எரிவதற்குள் சிலிண்டர் காலி, அப்படியும் வெல்டில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. மில் மெஷினரி பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் வைத்த ஒரு பெரியவர் எங்கள் வீதியில் இருக்கிறார். வந்து பார்த்தவர் டார்ச்சைத் தொடவே இல்லை, நேராக ரெகுலேட்டரைத் திருகினார். "ஏந்தம்பி, கேஸ் பொத்தினாப்ல உக்காரணும். நீங்க ஊதித் தள்ளறீங்க. அது போற வேகத்துக்கு வெளிக்காத்தையும் சேத்து உள்ள இழுத்துட்டு வருது" என்றார். ஃப்ளோ மீட்டர் குண்டு 7க்கும் 8க்கும் நடுவில் நின்றது. ஓட்டை நின்றுபோனது. அதே சிலிண்டர் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வருகிறது.

இன்னொரு தடவை சனிக்கிழமை மாற்றிய புதுச் சிலிண்டர் திங்கட்கிழமை காலையில் பூஜ்யம். ஹோஸ் ஜாயின்ட்டில் கசிவு, வால்வையும் மூடாமல் போயிருக்கிறோம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். நின்ற நிலையில் சாய்ந்து வால்வு உடைந்தால் அது சிலிண்டர் இல்லை, ராக்கெட்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் ஷெட்டின் மேற்குப் பக்கம் திறந்து வைத்தால் சிங்க் மூலையெல்லாம் கருப்பாக வெந்துபோய் நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் எட்டு லிட்டர் ஆர்கான் எம்மாத்திரம்? மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டினேன். சித்திரையில் நேர்மாறான தொல்லை: தகர ஷெட்டில் வெந்துகொண்டே ஃபேனைப் போட முடியாது. ஃபேனை வேலைப் பக்கம் திருப்பாமல், நம் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்து வைத்தால் ஓரளவு தாங்கலாம். புகையை இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் எதிர்ச் சுவரில் ஓடுகிறது. எஸ்.எஸ். புகையில் குரோமியம் வரும், அது நுரையீரலுக்கு ஆகாது. ஆர்கானில் புகை குறைவு என்பதால் யாரும் மாஸ்க் போடுவதில்லை. நானும் இரண்டு வருஷம் போடவில்லை.

கேஸ் சரியாக உட்கார்ந்ததா என்று வெல்டின் நிறமே சொல்லிவிடும். வைக்கோல் மஞ்சளில் வந்தால் நிம்மதி. நீலம் வந்தால் சூடு கொஞ்சம் அதிகம், கை மெதுவாகப் போகிறது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் கேஸ் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தில்தான் ஆறு மாதத்தில் துரு கிளம்பி, "304 என்று சொல்லிவிட்டு 202 போட்டுவிட்டாயா?" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். 202 என்பது 304ஐவிட மலிவான, சீக்கிரம் துருப்பிடிக்கும் எஸ்.எஸ். ரகம். ஒட்டி முடித்ததும் டார்ச்சைத் தூக்கிவிடக் கூடாது. கேஸ் இன்னும் ஆறேழு விநாடி வரும், அது நிற்கும்வரை கை அங்கேயே இருக்கட்டும். குழாய் வேலையில் உள்பக்கமும் ஆர்கான் விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே கருகிப்போன சர்க்கரைப் பாகு மாதிரி பொரிந்து நிற்கும். குழாயின் இரண்டு முனையையும் டேப்பால் அடைத்து ஒரு பக்கம் சின்ன ஓட்டை விட்டால் போதும்.

என் அளவுகளைக் கேட்பவர்களுக்கு: 18 கேஜ் தடிமன் 304 தகட்டுக்கு 40 முதல் 50 ஆம்பியர், 16 கேஜ் குழாய்க்கு 55 முதல் 65. 1.6 எம்.எம். டங்ஸ்டன், 6ஆம் நம்பர் செராமிக் நாசில், 308 எல் ஃபில்லர். எஸ்.எஸ்.ஸை எம்.எஸ்.ஸோடு (சாதா இரும்பு) ஒட்ட 309 எல். டார்ச் மைனஸில், தகட்டைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பிளஸ்ஸில். மாற்றி மாட்டினால் டங்ஸ்டன் நுனி உருண்டையாகி விழும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

டங்ஸ்டனில் முதல் வருஷம் சிவப்பு நுனி வாங்கினேன், கடையில் அதுதான் இருந்தது. அதில் 2 சதவீதம் தோரியம். கையில் வைத்திருப்பதால் பெரிய ஆபத்து இல்லை, தீட்டும்போது வரும் தூள்தான் மூச்சில் போகக் கூடாது. இப்போது தங்க நிற நுனி, அதில் லாந்தனம்தான். டிசியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தீட்டும்போது கீறல் நீளவாட்டில் ஓட வேண்டும். சுற்றுவாட்டில் தீட்டினால் ஆர்க் ஒரு இடத்தில் நிற்காமல் அலையும். அந்தச் சக்கரத்தில் வேறு இரும்பை யாரும் தீட்டக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.

இரண்டாம் வருஷம் தீபாவளிக்கு முந்தைய வாரம், வேலை குவிந்திருக்கும்போது மெஷின் படுத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் திறந்து காட்டினார். உள்ளே போர்டு முழுக்கக் கறுப்புத் தூள். பக்கத்திலேயே நாங்கள் கிரைண்டர் ஓட்டியிருக்கிறோம், மெஷின் ஃபேன் அந்த இரும்புத் தூளை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. போர்டு ஷார்ட், 6,500 ரூபாய். மெஷினைக் குறை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அது எதிர்மூலையில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கப் பத்து நிமிஷம் விட்டு, மெல்லக் காற்றடிக்கிறோம். அதற்குப் பிறகு டார்ச் சுவிட்ச் ஒன்று போனது, வேறு பழுது இல்லை. ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் பற்றும்போது சிசிடிவி பெட்டி அடிக்கடி நின்றுபோகும், அதைத் தள்ளி வைத்ததும் சரியானது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் உண்டு. அவர் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றுதான் பேசுவேன்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். கூட வேலை பார்க்கும் தம்பி ஒரு சாயங்காலம் "நாலு டாக்தான்ணா" (தகட்டைப் பிடித்து நிறுத்தப் போடும் சின்னப் பொட்டு வெல்டு) என்று கண்ணை மூடி மூடி ஷீல்டு இல்லாமல் அடித்துவிட்டான். அப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு அவன் அம்மா போன் செய்தார், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் துடிக்கிறான் என்று. ஆர்க் அடித்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வீட்டில் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், இரண்டு நாளில் சரியானது. ஆர்கான் ஆர்க்கில் புகை மறைக்காது, அதனால் ராடு வெல்டிங்கைவிட இதன் ஒளி நேராக வந்து அடிக்கும். கழுத்துப் பட்டன் போடாமல் ஒரு நாள் வேலை செய்தால் ராத்திரி நெஞ்சில் முக்கோணமாகத் தோல் எரியும். ஆர்க் பற்றியதும் தானாகக் கறுக்க வேண்டிய ஆட்டோ ஹெல்மெட் விலை குறைந்ததாக இருந்தால் 30 ஆம்பியருக்குக் கீழே சில நேரம் கறுக்காது, அதையும் அனுபவித்தேன். இப்போது சின்ன ஆம்பியர் வேலைக்கு 10ஆம் நம்பர் கண்ணாடி வைத்த பழைய ஷீல்டுதான்.

தகட்டைத் துடைக்க அசிட்டோன் வைத்திருக்கிறேன். துடைத்துக் காய்ந்த பிறகு, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆர்க். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வகையறாவைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். ஆர்க் ஒளியும் சூடும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

பெரியவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எஸ்.எஸ். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யும்போது ஆர்கான் கீழே தேங்கும், அது காற்றைவிடக் கனம், வாசனை கிடையாது. "மூச்சு முட்டறதே தெரியாது கண்ணு, தூங்கறாப்ல போயிரும்." போன வருஷம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வேலை வந்தது. ப்ளோயர் வைத்து உள்ளே காற்று ஊதிக்கொண்டே, மேலே ஒருவரை நிறுத்தி, கால் மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து வந்து செய்தேன். டார்ச்சைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவில்லை. வேலை ஒரு நாள் கூட ஆனது, அதற்கும் சேர்த்துத்தான் கூலி சொன்னேன்.

மெஷினில் எனக்கு உள்ள ஒரே வருத்தம் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) இல்லாததுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உரிக்க ஏசி வேண்டும். டிசியில் முயன்றால் உள்ளே கூழாகி மேலே தோல் அப்படியே நிற்கும். போன வாரமும் ஒருவர் விரிசல் விட்ட அலுமினிய அண்டா ஒன்றைக் கொண்டுவந்தார், அதே பழைய ஆவாரம்பாளையம் பட்டறைக்குத்தான் கைகாட்டி அனுப்பினேன். அடுத்து வாங்குவது ஏசி டிசி. பழையதை விற்க மாட்டேன். எட்டு கிலோதான் இருக்கும், கைப்பிடி வேலைக்கு மூன்றாவது மாடிக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம். சிலிண்டரைத் தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.