கடல் காற்றாலைக்கு கிரிட் இணைப்பு: பவர்ஃபேக்டரி எதுவரை கைகொடுக்கும்?

கடல் காற்றாலையை மின்கட்டமைப்போடு (கிரிட்) இணைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிடும் கிரிட் ஸ்டடிக்குப் பல நாடுகளில் புழங்கும் மென்பொருள், ஜெர்மனியின் டிஜிசைலன்ட் நிறுவனம் தரும் பவர்ஃபேக்டரி. ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் வந்துபோய், வோல்டேஜை ஏற்றி இறக்கும் மின்சக்தி; அளவு மெகாவார்), ஷார்ட் சர்க்யூட், ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் அலைகள்) இந்த மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம். டர்பைன் கன்ட்ரோலர்கள் கிரிட்டோடு சேர்ந்து ஊசலாடுமா என்ற கேள்விக்கு மட்டும் இதை நம்பி உட்காரக் கூடாது.

தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் என்று 2024 ஜூனில் ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே அளவில் ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். 15 மெகாவாட் டர்பைன்கள், ஒரே கேபிளில் கோக்கும் ஒரு ஸ்ட்ரிங்குக்கு அதிகபட்சம் ஐந்து, 66 கிலோவோல்ட்டில் கடல் சப்ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து 40 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு 230 கிலோவோல்ட் மூன்று-கோர் கேபிள்கள் கரைக்கு. (மற்ற மாநிலங்களின் 220 கிலோவோல்ட் தமிழ்நாட்டில் 230. கேபிள் டைப்பை லைப்ரரியிலிருந்து இழுத்துப் போடும்போது இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.)

கேபிளின் கெபாசிட்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்தால் சார்ஜிங், அதாவது கேபிள் தானே உண்டாக்கும் ரியாக்டிவ் பவர், கிலோமீட்டருக்கு சுமார் 3.3 மெகாவார். ஒரு கேபிளுக்கு 133, இரண்டுக்கும் 266. ஒரு கேபிளில் 250 மெகாவாட் போனால் மின்னோட்டம் 628 ஆம்பியர். சார்ஜிங் கரன்ட் 334 ஆம்பியர் முழுவதையும் ஒரே முனையிலிருந்து கொடுத்தால் அந்த முனையில் 711 ஆகிவிடும். இரு முனையிலும் ரியாக்டர் (அந்த மெகாவாரை உறிஞ்சும் காயில்) வைத்துப் பாதிப்பாதியாகப் பிரித்தால் 650. கேபிள் சைஸில் ஒரு படி குறையுமா என்பதையே இந்த வித்தியாசம் தீர்மானிக்கலாம். லோட் ஃப்ளோவில் (எங்கே எவ்வளவு மின்சாரம் ஓடும், வோல்டேஜ் எவ்வளவு என்ற கணக்கு) இந்த ஒப்பீடு பவர்ஃபேக்டரியில் ஐந்து நிமிட வேலை. ரியாக்டரின் இடத்தை வேரியேஷனாக (மாற்று வடிவமைப்பாக) போட்டு, ஸ்டடி கேஸை மாற்றினால் போதும்.

இணைப்புப் புள்ளியில் பவர் ஃபேக்டர் 0.95 லேக் (மெகாவார் கொடுப்பது) முதல் 0.95 லீட் (மெகாவார் வாங்குவது) வரை கொடுக்க வேண்டும் என்பது நம்மூர் விதி. 500 மெகாவாட்டில் அது இரு பக்கமும் 164 மெகாவார். இதற்கு எல்லா டர்பைனின் மெகாவாரையும் சேர்த்து ஆளும் ஸ்டேஷன் கன்ட்ரோலர் எலிமென்ட் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் லோட் ஃப்ளோ ஜன்னலில் ரியாக்டிவ் லிமிட்டைக் கணக்கில் எடு என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லையென்றால் டர்பைன் தன் சக்திக்கு மீறி மெகாவார் கொடுப்பதாகக் காட்டி, எல்லாம் சரி என்று ரிசல்ட் வரும். உற்பத்தியாளர் தரும் கேப்பபிலிட்டி வளைவை, வோல்டேஜுக்கு ஏற்ப மாறும் பகுதியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். காற்றே இல்லாத நேரத்துக்குத் தனி கேஸ் கட்டாயம்: அப்போதும் கேபிளின் 266 மெகாவார் அப்படியே இருக்கும், டர்பைன் கைகொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதன் பலமும் பொறியும் ஒன்றாகக் கிடப்பது ஹார்மோனிக்ஸில். ரெசொனன்ஸ் (கேபிளும் கிரிட்டும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணைப் பெரிதாக்குவது) எங்கே விழும் என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம்: ஃபால்ட் லெவலை (ஷார்ட் சர்க்யூட்டின்போது கிரிட் தரக்கூடிய சக்தி, எம்விஏ கணக்கில்) கேபிள் மெகாவாரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். ஃபால்ட் லெவல் 3,000 எம்விஏ, இரண்டு கேபிளும் ஓடினால் 3.36-வது ஹார்மோனிக். ஒரு கேபிள் அவுட் ஆனால் 4.75, அதாவது 237 ஹெர்ட்ஸ். ஐந்தாவது ஹார்மோனிக்குக்குப் பக்கத்து வீடு. ஃபால்ட் லெவல் 6,000 ஆனால் இரண்டு கேபிள் ஓடும்போதே அதே 4.75. ரியாக்டர் சேர்த்தால் இது தள்ளிப்போகும் என்று நினைக்க வேண்டாம். 80 மெகாவார் ரியாக்டர், 3,000 எம்விஏ கிரிட்டுக்கு முன்னால் இதைக் கொஞ்சம்கூட அசைக்காது என்றே சொல்லலாம்.

பவர்ஃபேக்டரியின் ஃப்ரீக்வன்சி ஸ்வீப் (அதிர்வெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிக் கணக்கிடுவது) இதையே டிரான்ஸ்ஃபார்மர், 66 கிலோவோல்ட் கேபிள்கள் எல்லாம் சேர்த்துத் துல்லியமாக வரைந்து தரும். இரண்டு செட்டிங் மாற்றினால்தான். கேபிளை ஒரே கட்டியாக எடுக்கும் ஒற்றை பை மாடலாக விடாமல், நீளம் நெடுகப் பரவியதாக எடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் பாராமீட்டருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உயர் ஹார்மோனிக்ஸில் உச்சிகள் இடம் மாறி நிற்கும். ரெசிஸ்டன்ஸ் அதிர்வெண்ணோடு ஏறும் என்பதையும் நாமே கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் உச்சி நிஜத்தைவிட மிக உயரமாக வரும், தேவையே இல்லாத ஃபில்டரை வாங்கச் சொல்லி அறிக்கை போகும். கேபிள் அவுட், டிரான்ஸ்ஃபார்மர் அவுட், டர்பைன் எண்ணிக்கை, ஃபால்ட் லெவல் என்று பெருக்கினால் கேஸ்கள் நூற்றுக்கணக்கில் போகும். பைதான் ஸ்கிரிப்ட் இல்லாமல் இதைச் செய்ய நினைப்பது வீண்.

அடுத்தது ஸ்விட்சிங். கேபிளும் ரியாக்டரும் ஒன்றாகச் சார்ஜ் ஆகும்போது காம்பென்சேஷன் (கேபிளின் மெகாவாரில் ரியாக்டர் ஈடுகட்டும் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டினால், டிசி ஆஃப்செட் (கரன்ட் அலை ஒரு பக்கமாக விலகி நிற்பது) காரணமாக பிரேக்கர் வழியே போகும் கரன்ட் பல சைக்கிள்கள் பூஜ்யத்தைத் தொடாமலே ஓடலாம். பூஜ்யம் இல்லாமல் பிரேக்கர் வெட்ட முடியாது. அலையின் சராசரி அளவை மட்டும் பார்க்கும் ஆர்எம்எஸ் சிமுலேஷன் இதைக் காட்டாது, அலைவடிவத்தையே கணத்துக்குக் கணம் கணக்கிடும் இஎம்டி வேண்டும். பவர்ஃபேக்டரியின் இஎம்டி இதற்குப் போதும். முதலில் கேபிள், பிறகு ரியாக்டர் என்று வரிசையை மாற்றிப் பார்ப்பதும் சுலபம்.

போதாத இடம் கன்ட்ரோலர் ஊசலாட்டம். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் 400 கிலோவோல்ட் லைனில் மின்னல் விழுந்தபோது, ஹார்ன்சீ ஒன் கடல் காற்றாலை 737 மெகாவாட்டை ஒரே மூச்சில் இழந்தது. வேறு உற்பத்தியும் சேர்ந்து விழ, அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. பலவீனமான கிரிட் நிலையில் வோல்டேஜ் கன்ட்ரோல் ஊசலாடியதுதான் காற்றாலை விழுந்ததற்குக் காரணம். பிறகு கன்ட்ரோல் மென்பொருளை மாற்றினார்கள். லைப்ரரியில் இருக்கும் பொது டெம்ப்ளேட்டுகளை வைத்து இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. உற்பத்தியாளரின் நிஜக் கன்ட்ரோல் நிரல் உள்ள இஎம்டி மாடல் வேண்டும், அது பெரும்பாலும் பிஎஸ்கேட் என்ற இன்னொரு இஎம்டி மென்பொருளின் வடிவில்தான் கைக்கு வருகிறது. இந்தியாவில் இணைப்பு விண்ணப்பத்துக்கும் பிஎஸ்எஸ்இ (லோட் ஃப்ளோ, ஆர்எம்எஸ் வகை மென்பொருள்), பிஎஸ்கேட் மாடல்களையே கேட்கிறார்கள். அதனால் பவர்ஃபேக்டரி வாங்கினாலும் அந்த லைசன்ஸ் செலவு தப்பாது.

லைசன்ஸ் மாட்யூல் மாட்யூலாக விற்கப்படுகிறது. பேஸ் பேக்கேஜில் லோட் ஃப்ளோவும் ஷார்ட் சர்க்யூட்டும் வரும். அதோடு ஹார்மோனிக்ஸ், ஸ்கிரிப்டிங் இரண்டையும் முதல் நாளே சேர்த்து வாங்குங்கள். ஆர்எம்எஸ், இஎம்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம். லோட் ஃப்ளோவும் ஷார்ட் சர்க்யூட்டும் மட்டும் போதும், ஆரம்பகட்ட ஒப்பீடுதான் என்றால் காசு கொடுக்கவே வேண்டாம், இலவசமான பாண்டாபவரே தாங்கும். டர்பைன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்தெந்த மென்பொருளில், எந்த வெர்ஷனில் மாடல் தர வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். உள்ளே பார்க்க முடியாதபடி பூட்டிய மாடல் வேறு வெர்ஷனில் திறக்காமல் நின்றால், அதைச் சரிசெய்ய உற்பத்தியாளரைத் தவிர யாராலும் முடியாது.