ஒரே சூமா, இரண்டு லென்ஸா? மலையகப் பயணத்துக்கு எந்தக் கமரா

குருவியும் எடுக்க வேண்டும், பாலமும் அருவியும் எடுக்க வேண்டும் என்று இலங்கை மலையகம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கமராக்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று, லென்ஸ் கழற்ற முடியாத சுப்பர்சூம். 2015இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 அந்த வகைதான்: 83 மடங்கு சூம், 35 மி.மீ. ஃபிலிம் கமரா கணக்கில் 24 முதல் 2000 மி.மீ. வரை (எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தூரக் காட்சி). மற்றது, லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரண டிஎஸ்எல்ஆரோடு 18-55, 70-300 மி.மீ. என்று இரண்டு லென்ஸ். எங்கள் வீட்டில் சுப்பர்சூம் என்னுடையது, டிஎஸ்எல்ஆர் தம்பியுடையது.

எண்களை மட்டும் பார்த்தால் சுப்பர்சூம்தான் முன்னுக்கு நிற்கும். டிஎஸ்எல்ஆரில் 70-300 லென்ஸை முழுதாக நீட்டினாலும் அதே ஃபிலிம் கணக்கில் 450 மி.மீ. அளவுக்குத்தான் எட்டும். நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் மலையகத்தில் நம்மைத் தோற்கடிப்பது தூரம் இல்லை, வெளிச்சம்.

போன மார்கழியில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். காலை ஆறரை இருக்கும். ஓடைக் கரையில், மர நிழலில், ஆறுமணிக்குருவி ஒன்று சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. இருபதடி தூரம்தான். இரண்டு கத்தல் கத்தும், நாலு தத்து தத்தும், அப்புறம் சிலை மாதிரி நிற்கும். நான் ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600 வைத்தும் ஷட்டர் வேகம் 1/60 வினாடிக்கு மேல் ஏறவில்லை. படத்தில் குருவி இருந்தது, இறகு இல்லை. நனைந்த பஞ்சு மாதிரி ஒரு உருவம். தம்பி தயங்காமல் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, 1/125இல் எடுத்தான். கண்ணைக் கடந்து போகும் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம், வாலுக்கடியில் இருக்கும் சிவப்பு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது.

காரணம் சென்சர், அதாவது கமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லு. முழு சூமில் இரண்டு லென்ஸின் துளையும் ஏறக்குறைய ஒன்றுதான்: பி900இல் எஃப்/6.5, பல 70-300 லென்ஸ்களில் எஃப்/5.6 அல்லது 6.3 (எண் குறையக் குறையத் துளை பெரிது). ஆனால் டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி எனும் அளவுள்ள சென்சர், சுப்பர்சூமின் சென்சரைவிடப் பரப்பில் சுமார் 13 மடங்கு பெரிது. மப்பும் மந்தாரமுமான காலையில் அந்த வித்தியாசம் அப்படியே படத்தில் விழும். நடுக்கத்தைத் தடுக்கும் வசதி நம் கைக்குத்தான் உதவும், தத்துகிற குருவியை நிறுத்தி வைக்காது. இன்னொன்று, பனிமூட்டத்தில் 2000 மி.மீ.க்கு இழுத்தால் குருவியோடு சேர்ந்து பனியும்தான் கிட்ட வரும்.

கோச்சியில், அதாவது ரயிலில், கதை வேறு. ஹட்டன் தாண்டி, தலவாக்கலைக்கு முன்னால் சென்கிளேயர் அருவி வளைவில் தெரிந்து மறைவதற்குள் லென்ஸ் மாற்ற நேரம் எங்கே? ஆடுகிற பெட்டியில், தூசு வரும் ஜன்னலோரத்தில் சென்சரைத் திறந்து வைக்கவும் மனம் வராது. சுப்பர்சூமில் அருவியை எடுத்துவிட்டு, அதே கையோடு எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களையும் எடுக்கலாம்.

1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எது கொண்டுபோனாலும் சரி. மேலே மலைச்சரிவில் நின்றால் நல்ல ஃபோனே போதும். ஒன்பது வளைவும் ஒரே படத்தில் அடங்க அகலக் கோணம்தான் தேவை. அதில்கூட சுப்பர்சூமின் 24 மி.மீ., 18-55இன் அகலத்தைவிட (அதே ஃபிலிம் கணக்கில் சுமார் 27 மி.மீ.) ஒரு மயிரிழை கூடுதல்.

பாரம் என்று பயப்படுபவர்களுக்கு: பி900 சுமார் 900 கிராம். சின்ன டிஎஸ்எல்ஆர் உடலும் இரண்டு லென்ஸும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்பு வரை நடந்து திரும்பும்போது இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியாது. அங்கே வாசலிலேயே பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் மழைக்குக் கமராவை மூட ஒரு துணிப்பையோ ரெயின்கோட்டோ கட்டாயம் வேண்டும்.

குருவிதான் முக்கியம் என்றால் டிஎஸ்எல்ஆர், யோசிக்கவே வேண்டாம். ஊர் சுற்றுவதுதான் முக்கியம், வழியில் குருவி கிடைத்தால் சந்தோஷம் என்பவர்களுக்கு சுப்பர்சூம். ஆறுமணிக்குருவி பங்குனி, சித்திரையோடு வடக்கே திரும்பிவிடும். அதற்குள் ஒருநாள் தம்பியின் கமராவை வாங்கிக்கொண்டு அந்த ஓடைக் கரைக்குப் போக வேண்டும்.