ஸ்பார்க்கிள் பிரிஃபிக்ஸோடு நாலு வருஷம்

லாஸ்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில், பழைய நூலகப் பட்டியல்களை ஆர்டிஎஃப் (தகவல்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் தரவு வடிவம்) தரவாக மாற்றுவது என் வேலை. நாலு வருஷமாக, அந்தத் தரவைக் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிளில் வினவல் எழுதாத நாள் குறைவு. இதில் என்னை அதிகம் சோதித்தது சிக்கலான வினவல்கள் இல்லை. தலைப்பில் நிற்கும் பிரிஃபிக்ஸ் வரிகள்தான்.

ஆர்டிஎஃப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் நீளமான ஒரு முகவரி உண்டு. அதன் முன்பகுதிக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்தால் அதுதான் பிரிஃபிக்ஸ். வினவலை ஓட்டும்போது ஸ்பார்க்கிள் சுருக்கத்தை எடுத்துவிட்டு அந்த முன்பகுதியை முழுதாக வைத்து, பின்னால் இருப்பதை அப்படியே ஒட்டிவிடும். நடுவில் சாய்கோடு வேண்டுமா, ஹேஷ் வேண்டுமா என்றெல்லாம் அது யோசிக்காது.

அங்கேதான் மாட்டினேன். எங்கள் தரவுக்கு 'நூல்:' என்று தமிழிலேயே பிரிஃபிக்ஸ் வைத்திருந்தேன். (வைக்கலாம். ஸ்பார்க்கிள் இலக்கணம் தமிழ் எழுத்தை ஏற்கிறது.) முகவரி 'புத்தகம்/' என்று சாய்கோட்டில் முடிய வேண்டும், நான் கோட்டை விட்டுவிட்டேன். நூல்:412 என்று கேட்டால் 'புத்தகம்/412' கிடைக்க வேண்டியது, 'புத்தகம்412' என்ற இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறது. பிழைச் செய்தியும் இல்லை, விடையும் இல்லை. தரவுதான் சரியாக ஏறவில்லை என்று நினைத்து இரண்டு தடவை மறுபடி ஏற்றினேன். சாயங்காலம் கடலூர் பஸ் முள்ளோடை தாண்டும்போதுதான் பொறி தட்டியது. மறுநாள் ஒரே ஒரு எழுத்துதான் சேர்த்தேன், பட்டியல் கொட்டியது.

பிரிஃபிக்ஸை அறிவிக்கவே மறந்தால் உடனே திட்டிவிடும், அது நல்லது. தப்பாக அறிவித்தால்தான் வாயே திறக்காது. அதனால் விடை வெறுமையாக வந்தால் முதல் வேலையாக, முழு முகவரியைக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதி ஓட்டிப் பார்க்கிறேன். அதில் விடை வந்தால் குற்றவாளி பிரிஃபிக்ஸ்.

நூல் விவரங்களுக்கான பொதுவான பண்புப் பெயர்களைத் தரும் டப்ளின் கோர் சங்கதியும் இதே ரகம். பழைய 1.1 தொகுதியிலும் ஆசிரியரைக் குறிக்கும் 'கிரியேட்டர்' இருக்கிறது, பிறகு வந்த டிசி டெர்ம்ஸிலும் இருக்கிறது. பெயர் ஒன்று, பண்பு வேறு. காந்தி வீதி என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் காந்தி வீதி என்று கேட்க வேண்டாமா? எங்கள் பழைய பதிவுகள் ஒன்றிலும் புதியவை மற்றொன்றிலும் இருந்ததால், பாதி ஆசிரியர்கள் காணாமல் போயிருந்தார்கள்.

விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கிடேட்டாவின் வினவல் பக்கம் வேறு கெட்ட பழக்கம் உண்டாக்கிவிட்டது. அதன் பிரிஃபிக்ஸ்கள் அங்கே முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை, எழுதாமலே ஓடும். அதே வினவலை எங்கள் தரவு இருக்கும் ஜெனா ஃபியூசெக்கி சர்வரில் ஒட்டினால் 'இந்தச் சுருக்கம் யாரென்றே தெரியாது' என்கிறது. டர்ட்டில் கோப்பிலிருந்து (ஆர்டிஎஃப் தரவை எழுதிவைக்கும் ஒரு வடிவம்) பிரிஃபிக்ஸ் வரியை எடுத்து ஒட்டினால் அதில் முன்னால் ஒரு ஆட் குறி (@), கடைசியில் ஒரு புள்ளி இருக்கும்; ஸ்பார்க்கிளில் இரண்டுக்கும் இடமில்லை. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த தரவான டிபிபீடியாவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பெயரில் அடைப்புக்குறி வரும். பிரிஃபிக்ஸோடு எழுதினால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு (\) போட வேண்டும். நான் சோம்பேறி, முழு முகவரியையே எழுதிவிடுகிறேன்.

இப்போது சரிபார்த்த பதினாலு பிரிஃபிக்ஸ் வரிகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எந்த வினவலானாலும் முதலில் அதை ஒட்டிவிட்டுத்தான் மற்றது. மூன்று வரி வினவலுக்குப் பதினாலு வரித் தலைப்பா என்று பக்கத்து சீட் தம்பி சிரிக்கிறான். 'நூல்:' இன்னும் அதில் இருக்கிறது, சாய்கோட்டோடு.