மூன்றரை வருடம், 19,412 பக்கம்: என் வீட்டு ஆபீஸ் பிரின்டர்

என்னுடையது இங்க் டேங்க் பிரின்டர், கார்ட்ரிட்ஜ் இல்லாமல் பாட்டிலிலிருந்து தொட்டியில் இங்க் ஊற்றும் வகை. நேற்று அதன் ஸ்டேட்டஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 19,412 பக்கம் என்று காட்டியது. வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. ஈரோட்டில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஜவுளிக் கடைகள், மஞ்சள் மண்டி, ஒரு லாரி ஆபீஸ் என்று நாற்பது சொச்சம் பார்ட்டிகள். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. அந்த நாட்களில் பிரின்டருக்கு ஓய்வே இருக்காது. 22க்கு மேல் ஒரு வாரம் அதைத் தொடக்கூட மாட்டேன். பிரின்டர் வாங்கப் போனபோது மாதம் எத்தனை பக்கம் என்றுதான் கடைக்காரர் கேட்டார். எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை.

இதற்கு முன்னால் இருந்தது கார்ட்ரிட்ஜ் பிரின்டர். நாலாயிரத்துக்குள் கிடைத்ததே என்று வாங்கினேன். கறுப்பு கார்ட்ரிட்ஜ் எழுநூறு ரூபாய்க்கு மேல். அதில் நூற்றிருபது பக்கம் வந்தால் பெரிது. பக்கத்துக்கு ஆறு ரூபாய்! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்கு அடித்துத் தருகிறார்கள். ஊசியில் இங்க் ஏற்றிப் பார்த்ததில் மேசைவிரிப்பு நீலமானதுதான் மிச்சம். ஒரு ஜூலை மாதம், ரிட்டர்ன் கெடு நெருங்கிய வாரத்தில், மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். அந்த வாரமே அந்தப் பிரின்டரைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அடுத்து லேசர்தான் என்று முடிவு செய்திருந்தேன். டோனர் பொடி காயாது, எழுத்து பளிச்சென்று இருக்கும், தண்ணீர் பட்டால் கலையாது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பொடியைத் தாளில் உருக்கி ஒட்ட ஃப்யூசர் ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அச்சடிக்கும்போது சில நூறு வாட் இழுக்கும், சூடேறும் கணத்தில் அதைவிட அதிகம். தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீசில் கரண்ட் போன நேரத்தில் லேசரில் அச்சு கொடுத்தார்கள். இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு மொத்தமாக அணைந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட், சில மாதம் 20ஆம் தேதியாகப் பார்த்துத்தான் போகிறது. இங்க் டேங்க் பிரின்டருக்குப் பதினைந்து வாட் பக்கம் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனோடு சேர்ந்து ஓடுகிறது. இந்த ஒரே காரணத்துக்காக இங்க் டேங்க் பக்கம் சாய்ந்தேன், இன்றுவரை அதில் வருத்தமில்லை.

விலை பதினான்காயிரத்துச் சொச்சம். அச்சு, ஸ்கேன், ஜெராக்ஸ், வைஃபை எல்லாம் உண்டு. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கீழே சொல்லும் குறைகளில் பாதி என் வீட்டில் நடந்த கூத்து. கறுப்பு பாட்டிலுக்கு 4,500 பக்கம் என்று போட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். இப்போது ஆறாவது பாட்டில் பாதியில் ஓடுகிறது, ஆக எனக்குக் கிடைத்தது சராசரியாக 3,500 பக்கம். பெட்டியில் போட்டிருப்பது ஐஎஸ்ஓ சோதனைத் தாள்களைத் தொடர்ச்சியாக அடித்துப் பார்க்கும் முறையை ஒட்டிச் சொல்லும் கணக்கு. முதல் பாட்டிலில் கொஞ்சம் குழாய்களை நிரப்பவே போய்விடும். நடுநடுவே, தாளில் இங்க் பீச்சும் ஹெட்டைக் கழுவக் குடிக்கும் இங்க்கும் அந்தக் கணக்கில் வராது. அப்படியும் கறுப்புப் பக்கத்துக்கு இங்க் செலவு பத்துப் பைசாவைச் சுற்றித்தான். இங்க்கைவிடத் தாள்தான் எனக்குப் பெரிய செலவு.

முதல் எட்டு மாதம் குறையே இல்லை. அப்புறம் ஒரு நாள் 3பி ரசீதில் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள். ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாள் அடித்தேன். நான்கு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் முழுசாக வர வேண்டும். மஞ்சளும் நீலமும் சரியாக இருந்தன. கறுப்பில் பாதிப் படிகள் காணோம், சிவப்பில் இரண்டு. ஹெட் கிளீனிங் கொடுத்தேன். கொஞ்சம் தேறியது. மறுபடி கொடுத்தேன். நான்காவது தடவை முடிந்தபோது, டேங்கில் கறுப்பு மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது. கோடு மட்டும் போகவில்லை.

சர்வீஸ் தம்பி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தவுடன், "அக்கா, இதை எப்படி ஆஃப் பண்றீங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஃப் செய்வதே நானில்லை. ராத்திரி படுக்கப் போகும் முன் அத்தை வீடு முழுக்க ஒரு சுற்று வந்து பிளக் சுவிட்சுகளை அணைத்துவிட்டுத்தான் போவார். கரண்ட் பில் பயம், இடி மின்னல் பயம், இரண்டும். டிவி, மிக்ஸி, சார்ஜர் வரிசையில் பிரின்டரும்.

பிரின்டரில் உள்ள பொத்தானை அமுக்கினால் ஹெட் வலது ஓரம் போய் ஒரு ரப்பர் மூடியில் உட்காரும், துளைகள் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். அச்சு வேலையோ கிளீனிங்கோ நடக்கும்போது சுவிட்சில் நிறுத்தினால் நின்ற இடத்திலேயே திறந்து கிடக்கும். கிளீனிங் பாதியில் ஒரு தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது. அது நடந்தது மாதக் கடைசி. ஆறு நாள் நான் தொடவே இல்லை. போதாததற்கு, ஒவ்வொரு காலையும் கரண்ட் வந்தவுடன் பிரின்டர் தானாகக் கொஞ்சம் இங்க் உறிஞ்சிக் கழுவிக்கொள்ளும். அதுவும் வீண். "பொத்தான்ல ஆஃப் பண்ணுங்கக்கா, லைட் அணைஞ்சப்புறம் வேணா பிளக்கைப் பிடுங்குங்க" என்று சொல்லிவிட்டு, திரவம் ஊற்றி ஊறவைத்து அரை நாளில் சரி செய்து கொடுத்தார். எழுநூற்று ஐம்பது ரூபாய். அத்தையிடம் சொன்னபோது, "ஒரு மிஷினுக்கு இத்தனை சீராட்டா?" என்றார். அந்த பிளக்கில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் பிறகு மாதக் கடைசி வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடிக்கிறேன். பையனின் பள்ளி டைம்டேபிள்தான் அதற்குத் தோது. கோடு மறுபடி வரவில்லை.

நான் நிஜமாகவே ஏமாந்தது ஸ்கேனரில். கண்ணாடி ஏ4 அளவு. வாடகை ஒப்பந்தம் முத்திரைத்தாளில் வரும், அது ஏ4-ஐவிட நீளம். புது ஜிஎஸ்டி பதிவுக்கு அதைத்தான் ஏற்ற வேண்டும். கண்ணாடியில் வைத்தால் கீழே இரண்டு அங்குலம் வெட்டுப்படும், கையெழுத்து இருப்பது சரியாக அங்கேதான். மேலே தாள் செருகும் ஏடிஎஃப் உள்ள மாடல் இன்னும் நாலாயிரம் அதிகம் என்று விட்டுவிட்டேன். கண்ணாடி ஏ4 ஆக இருந்தாலும் ஏடிஎஃப் பெரும்பாலும் லீகல் அளவை இழுக்கும். இப்போது ஒப்பந்தங்களைப் போனில்தான் படம் எடுக்கிறேன். ஐம்பது பக்க பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தால் மூடியைத் திறந்து மூடியே தோள் வலிக்கிறது. நாலாயிரம் மிச்சம் பிடித்ததாக நினைத்தேன், பாருங்கள்.

ஐடி காப்பி பொத்தானை மட்டும் மனமாரப் பாராட்டுவேன். ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வந்துவிடும். "அக்கா, ஒரே ஒரு ஆதார் ஜெராக்ஸ்" என்று தெருவே வருவது அதன் பக்க விளைவு. ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: 600 டிபிஐ கலரில் எடுத்துவிட்டு அப்புறம் சுருக்கப் போராடாதீர்கள். போட்டோவுக்கு ஜிஎஸ்டி தளம் 100 கேபிதான் விடும். ஆவணங்களுக்கு 200 டிபிஐ, கிரேஸ்கேலில் (சாம்பல் சாயலில்) எடுத்தால் சீலும் கையெழுத்தும் தெளிவாகவே தெரிகின்றன.

வாங்கும்போது கவனிக்காமல் விட்டது இன்னொன்றும் உண்டு. என்னுடையதில் கறுப்பும் டை இங்க், அதாவது தண்ணீர் பட்டால் கரையும் சாயம். ஐப்பசி மழையில் கூரியர் கவர் நனைந்து முகவரி கரைந்து, பார்சல் என்னிடமே திரும்பி வந்தது. கறுப்புக்கு மட்டும் பிக்மென்ட் இங்க் (எளிதில் கரையாத நிறமித் துகள் உள்ளது) தரும் மாடல்கள் இருக்கின்றன. கேனான் ஜி வரிசையில் ஜி2000, ஜி3000 அப்படித்தான். பில், முகவரி அடிப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். போட்டோ அடிக்கிறவர்களுக்கு டை இங்க்கே போதும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக: வாரம் ஒருமுறை விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று அடம் பிடித்தது. ரவுட்டரில் பிரின்டருக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்கி, கணினியில் அந்த முகவரியைக் கொடுத்தே சேர்த்த பிறகு தொல்லை விட்டது. என் மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும்தான் பிடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளின் கனத்துக்கு 75 ஜிஎஸ்எம். கரூர் பக்கம் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டிஎன்பிஎல் தாள்தான் பெரும்பாலும் வாங்குகிறேன். எந்தத் தாளாக இருந்தாலும் மழைக்காலத்தில் பிரித்த கட்டை வெளியே வைத்தால் ஈரம் ஏறி இரண்டிரண்டாக இழுக்கும். அரிசி வாங்கிய ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன்.

போன மாதம் முதல் 'வேஸ்ட் இங்க் பேட் நிரம்பப் போகிறது' என்று எச்சரிக்கை வருகிறது. கழுவிய இங்க் எல்லாம் உள்ளே ஒரு பஞ்சில்தான் போய்ச் சேர்கிறது. கணக்கு முடிந்தால் பிரின்டர் நின்றுவிடும். என் மாடலில் சர்வீஸ்காரர்தான் பிரித்து மாற்ற வேண்டும். சில புது மாடல்களில் அதை ஒரு சின்னப் பெட்டியாக நாமே கழற்றி மாட்டலாம். அத்தை அணைத்து நான் கழுவிய அந்த எட்டு மாதத்தின் பங்கு இந்தப் பஞ்சில் கணிசம் என்று நினைக்கிறேன். பஞ்சை மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டப் போகிறேன். அடுத்ததற்கு ஏடிஎஃப், பிக்மென்ட் கறுப்பு, கழற்றும் பெட்டி மூன்றும் கட்டாயம்.

கோபிசெட்டிபாளையத்தில் டியூஷன் சென்டர் நடத்தும் நாத்தனார், இதே பிரின்டரை வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் அடிப்பது கறுப்பு வெள்ளை வினாத்தாள். மே மாதம் முழுக்க சென்டர் பூட்டிக் கிடக்கும். கரண்ட் போனால் நாளைக்கு அடித்துக்கொள்ளலாம், கெடு ஏதும் இல்லை. அவளுக்கு லேசர்தான் சரி. பெட்டியோடு வருவது பாதி நிரப்பிய ஸ்டார்ட்டர் டோனரா, முழு டோனரா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.