டிப்பரைத் தூக்குவதற்கு முன் ஒரு வாளி எடை போடுங்க: மண்புழு உரம் என்ற பெயரில் வரும் நார்க்கழிவு

ஈரோடு மாவட்டம் கொடுமுடிப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில் இந்த வைகாசியில் இரண்டு டிப்பர் ‘மண்புழு உரம்’ இறங்கியது. எடைச்சீட்டில் 12 டன், கிலோ 8 ரூபாய், மொத்தம் 96,000. ஏக்கருக்கு 2 டன் வீதம் 5 ஏக்கருக்கு இறைத்து, பாத்தி பிடித்து, கிழங்கு ஊன்றியாயிற்று. 2 டன் களத்து ஓரம் மிச்சம் கிடந்தது. ஆடி பிறந்தபோது அந்த 5 ஏக்கரும் வெளுத்துக் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், கட்டுத்தரைக் குப்பை போட்ட கால் ஏக்கர் மட்டும் கருகருவென்று நின்றது. கிழங்கு ஒன்று, தண்ணீர் ஒன்று, ஊன்றிய நாளும் ஒன்று. மாறியது எரு மட்டும்தான்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “சுண்ணாம்பு மண்ணுங்க, இரும்புச்சத்துக் குறைங்க, பெரோஸ் சல்பேட் அடிங்க” என்றார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. நம் ஊர்ச் சுண்ணாம்பு நிலங்களில் இரும்புக் குறை வருவது உண்மை என்பதால் இந்தப் பதிலை நிறையப் பேர் நம்பிவிடுகிறார்கள். வித்தியாசத்தை இலையிலேயே பார்க்கலாம். இரும்புக் குறை என்றால் குருத்து இலை முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இங்கே அடியிலை முதலில் மஞ்சளாகி, நரம்பும் சேர்ந்து வெளுத்திருந்தது. அது தழைச்சத்துப் பஞ்சம்.

பாத்தியைக் கிளறினால் காரணம் கையில் வந்தது. செம்பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக, விரலில் தேய்த்தால் பஞ்சு போல அமுங்கி விரியும் தூள். பிழிந்தால் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர். மஞ்சி மில்லில் (தேங்காய் மட்டையில் இருந்து நார் எடுக்கும் ஆலை) இருந்து வரும் தென்னை நார்க்கழிவு, மட்காதது. அதோடு செம்மண்ணும் கொஞ்சம் கோழி எருவும் கலந்திருந்தது. உண்மையான மண்புழு உரம் லோடின் மேல் ஒரு அடிக்கு மட்டும் பரப்பப்பட்டிருந்தது. தோட்டத்துக்காரர் டிப்பர் மேல் ஏறி அள்ளிப் பார்த்தது அந்த ஒரு அடியைத்தான்.

நார்க்கழிவு கெட்ட பொருள் இல்லை. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் மலை மலையாகக் கிடக்கிறது, மட்க வைத்தால் நல்ல எரு. பச்சையாகப் போட்டால்தான் வினை. அதில் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 100-க்கு 1 என்ற விகிதத்தையும் தாண்டியே இருக்கும். இவ்வளவு கரியைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். எருவில் இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். விகிதம் 20-க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகுதான் அது பயிருக்குக் கொடுக்கத் தொடங்கும். பச்சை நார்க்கழிவில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் உப்பும் வேறு உண்டு. நொய்யல் ஆற்று ஓரத்தில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிற தோட்டங்கள் இதைத் தொடவே கூடாது.

இனி, லோடு வந்து நிற்கும்போது செய்ய வேண்டியவை. டிரைவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். டிப்பரை ஒரேயடியாகத் தூக்க விடாதீர்கள். பின்கதவை லேசாகத் திறக்கச் சொல்லி அடிப்பாகத்தில் இருந்து ஒரு கூடை, நடுவில் மண்வெட்டியால் தோண்டி ஒரு கூடை எடுங்கள். முதலில் வாசம் பாருங்கள். மழை பெய்த புது மண் வாசம் வந்தால் சரி. மூக்கை அரிக்கும் அமோனியா வந்தால் பச்சைக் கோழி எரு, புளித்த நாற்றம் வந்தால் வேகாத, அதாவது முழுசாக மட்காத சரக்கு. ஒரு கம்பியைக் குவியலின் நடுவே குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவித் தொடுங்கள். சுட்டால் உள்ளே இன்னும் மட்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் மண்புழு இருந்திருக்கவே முடியாது.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை ஆலைச் சாம்பலும் கறுப்புதான்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் நடக்கிறது, இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 100 கிராம் எடுத்து வெயிலில் முறுகக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதம் வரை இருக்கலாம், அதாவது 75 முதல் 85 கிராம் மிஞ்ச வேண்டும். கொடுமுடிச் சரக்கில் மிஞ்சியது 50. அப்படியானால் 12 டன்னில் காய்ந்த பொருள் 6 டன். 20 சத ஈரத்தில் கணக்குப் போட்டால் அது ஏழரை டன்தான். மீதி நாலரை டன் தண்ணீர், கிலோ 8 ரூபாய்க்கு 36,000 ரூபாய்த் தண்ணீர்.

அடுத்து வாளி. 10 லிட்டர் வாளியில் நிழலில் உலர்த்திய எருவைத் தட்டி நிரப்பி எடை போட்டால், நல்ல மண்புழு உரம் 7 முதல் 9 கிலோ வரும். 11, 12 கிலோ காட்டினால் மண் கலப்பு. 3, 4 கிலோவைத் தாண்டாவிட்டால் நார்க்கழிவு. ஆனால் இரண்டையும் அளவாகக் கலந்தால் எடை 8 கிலோவுக்கே வந்து நிற்கும். கொடுமுடியில் நடந்தது அதுதான், எடையை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயும் தெரிந்திருக்காது. அதனால் காயவைத்த எருவில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி விடுங்கள். மண் ஒரு நிமிடத்தில் அடியில் தனிப் பட்டையாகப் படியும், நார்த்தூள் மேலே மிதக்கும். இரண்டும் பிரிந்து நின்றால் அது கலவை.

சந்தேகம் தீரவில்லையா, காய்ந்த 100 கிராமை இரும்புச் சட்டியில், வீட்டுக்கு வெளியே, புகை அடங்கிச் சாம்பல் நிறம் வரும்வரை எரித்துப் பாருங்கள். ஆணைப்படி கரிச்சத்து குறைந்தது 18 சதம் இருக்க வேண்டும். கரிமப் பொருளாகக் கணக்கிட்டால் 31 சதம் வரும், எரிந்து போவது அதுதான். ஆகவே 70 கிராமுக்கு மேல் மிஞ்சினால் வாங்கியது மண்.

கடைசியாகப் பாசிப்பயறு. உங்கள் தோட்டத்து மண்ணும் எருவும் சரிபாதி கலந்த தொட்டி ஒன்று, வெறும் மண் தொட்டி ஒன்று, இரண்டிலும் 20 பயறு. ஐந்தாம் நாள் எருத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ வேர் நுனி கருகினாலோ சரக்கு வேகவில்லை. இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் லோடு பேசுவதற்கு முன்பே அவர்கள் கொட்டி வைத்திருக்கிற இடத்துக்குப் போய், அவர்கள் எடுத்துத் தருவதை வாங்காமல், நீங்களே தோண்டி மாதிரி எடுத்து வாருங்கள்.

யூனிட் கணக்கில் பேசுகிறவர்களுக்கு: ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நல்ல மண்புழு உரமானால் இரண்டு முதல் இரண்டரை டன் வரை நிற்கும். காய்ந்த நார்க்கழிவானால் அரை டன்கூடத் தேறாது. டன் கணக்கானால் வண்டியின் காலி எடையையும் உங்கள் முன்னாலேயே போட வையுங்கள்.

சீட்டில் ‘குப்பை’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ‘மண்புழு உரம்’ என்று எழுதி, எடை, தேதி, விற்பவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இருந்தால்தான் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்க முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. கொடுமுடித் தோட்டத்தில் இருந்தது எடைமேடைச் சீட்டு மட்டும், அதில் பொருளின் பெயரே இல்லை.

ஏற்கெனவே இறைத்துவிட்டவர்கள் பயிரை விட்டுவிட வேண்டாம். டன் நார்க்கழிவுக்கு 33 கிலோ கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, கரைத்து, தண்ணீரோடு பிரித்து மூன்று தவணையாக விடுங்கள். 5 கிலோ யூரியாவில் இருக்கிற தழைச்சத்து ஏறத்தாழ இதில் கிடைக்கும். அடியிலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

இறைக்காமல் மிஞ்சிய குவியலை வீணாக்க வேண்டியதில்லை. டன்னுக்கு 200 கிலோ பச்சைக் கோழி எருவை அடுக்கடுக்காகப் போட்டு, சிப்பிக் காளான் வித்து ஒரு கிலோ தூவி, நிழலில் குவியுங்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வடிகிற அளவுக்கு ஈரம் போதும், பத்து நாளைக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள். இரண்டு மாதம் ஆகும். புரட்டும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், அவை காண்டாமிருக வண்டாகிப் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். சூடு அடங்கி, குவியல் பாதியாக அமிழ்ந்து, பிழிந்த தண்ணீரில் டிகாஷன் நிறம் போன பிறகு அதே 20 பாசிப்பயறைப் போட்டுப் பார்த்துவிட்டு அள்ளுங்கள்.