உயிரோட திரும்பின தாத்தாவை செத்தவங்க லிஸ்ட்ல தேடினேன்: போர்க்கல்லறை ஆணைய வெப்சைட் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் இங்க ரிவ்யூ பண்றது காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன், அதாவது போர்க்கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல, உலகப்போர்கள்ல செத்த சிப்பாய்களோட பேரைத் தேடுற வசதியை. காசு கிடையாது, யார் வேணா தேடலாம். ஆனா அதுல என் தாத்தா பேர் இல்ல. இருக்கவும் கூடாது, ஏன்னா மனுஷன் ரெண்டாம் உலகப்போர்ல பர்மா சண்டை முடிஞ்சு கை கால் முழுசா வீடு வந்து சேர்ந்து, கல்யாணம் பண்ணி, அஞ்சு புள்ளை பெத்து, வயசாகி படுக்கையில போனவர். அப்புறம் இந்த சைட்டுக்கு என்னத்துக்கு ரிவ்யூன்னு கேட்டீங்கன்னா, அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி இது வழியாத்தான் வந்துச்சு. எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க வீட்டுல அவர் "பட்டாளத்துத் தாத்தா". நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். மிச்சம் இருந்தது பாதி கிழிஞ்ச ஒரு டிஸ்சார்ஜ் பேப்பர், ரிப்பன் இல்லாத ஒரு நட்சத்திர மெடல், அப்புறம் அவர் சொன்னதா பாட்டி சொன்ன ரெண்டு மூணு கதை. அதுல ஒண்ணு, அக்கரை தெரியாத ஒரு ஆத்துல ராத்திரி பூரா படகு தள்ளினாங்களாம். பாட்டிக்கு அதுல சுத்தமா நம்பிக்கை கிடையாது, "எந்த ஊர்லய்யா அப்படி ஆறு இருக்கு, சரியான புளுகு"ன்னு முடிச்சிடுவாங்க.

ஆரம்பத்துல நான் பண்ண தப்பு, குடும்ப மரம் போட்டுத் தர்ற ஒரு காசு சைட்ல சேர்ந்தது. பேரைச் சொல்லல, விடுங்க. சேர்ந்த அன்னைக்கே "உங்க தாத்தா பத்தி புது ஆவணம் கிடைச்சிருக்கு"ன்னு மெயில். அடிச்சுப் பிடிச்சு திறந்து பாத்தா யாரோ ஒரு வெள்ளைக்காரர், பேர்ல முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்காம். அடுத்த வாரம் இன்னொருத்தர், இவர் என் தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே செத்தவர். நம்ம பேருக்கு குடும்பப்பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் முன்னாடி நிக்கும்னு அந்த மெஷினுக்கு யாரும் சொல்லித்தரல போல. மூணு மாசம் காசு கட்டி, வெளிய வர்றதுக்கு தனியா ஒரு போராட்டம்.

உருப்படியான முதல் தகவல் எங்க கிடைச்சதுன்னா அந்த மெடலோட முதுகுல. ரெண்டாம் உலகப்போர் நட்சத்திர மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு பேர் எதுவும் பொறிக்காமத்தான் கொடுத்தாங்க, ஆனா இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா படைக்காரங்களுக்குக் கொடுத்ததுல பின்பக்கம் ஆளோட நம்பர், பேர், எந்தப் பிரிவுன்னு அடிச்சுக் கொடுத்திருக்காங்க. எழுத்து ரொம்பப் பொடிசு, லென்ஸ் வெச்சுத்தான் தெரியும். பாட்டி அதை புளி போட்டு தேய்க்காம விட்டது என் நல்ல நேரம். எங்களுது பர்மா ஸ்டார், 1941 டிசம்பர் 11ல இருந்து 1945 செப்டம்பர் 2 வரைக்கும் அந்தப் போர்முனையில இருந்தவங்களுக்குக் கொடுத்தது. திருப்பிப் பாத்தா நம்பர், பேர், மெட்ராஸ் சாப்பர்ஸ்னு இருக்கு, அதாவது பாலம், ரோடு மாதிரி வேலையெல்லாம் பாக்கற ராணுவ இன்ஜினியர் படை. எழுபது வருஷமா பெட்டிக்குள்ள இருந்த விஷயம், யாரும் திருப்பிப் பாக்கல. அதனால இந்த வேலையில இறங்கறவங்க கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறங்க.

நம்பர் கிடைச்சதும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினேன். பென்ஷன் இல்லாம போன சாதா சிப்பாய்களோட முழு ஃபைலை, அவங்க பட்டாளத்தை விட்டு வந்து 25 வருஷம் ஆனதும் அழிச்சுடறதுதான் ராணுவத்துல நடைமுறை, லாங் ரோல்னு ஒரு பெரிய பதிவேட்டுல மட்டும் ஒரு வரி நிக்கும். எனக்கு வந்ததும் அந்த ஒரு வரிதான்: சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி. நடுவுல எங்க இருந்தார், என்ன பண்ணார், ஒண்ணும் இல்ல. கோவம் வந்துச்சு, ஆனா அப்புறம் படிச்சா எல்லா ஊர்லயும் இதே கதைதான். இங்கிலாந்துல முதல் உலகப்போர் சிப்பாய் ஃபைல்கள்ல பாதிக்கு மேல 1940 செப்டம்பர்ல லண்டன்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 1973 ஜூலைல தீப்பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல ஃபைல் போச்சு. அவங்களுக்கு தீ, நமக்கு ரூல்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன். இந்த ஆணையம் 1917ல ஆரம்பிச்சது, அப்ப இம்பீரியல் வார் கிரேவ்ஸ் கமிஷன்னு பேர். ரெண்டு உலகப்போர்லயும் செத்த சுமார் 17 லட்சம் பேரோட விவரம் அதுல இருக்கு. சண்டையில செத்தவங்க மட்டும்னு நினைக்காதீங்க, ரெண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3ல இருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் பணியில இருக்கும்போது காய்ச்சல்ல போனாலும், லாரி கவுந்து போனாலும் அதுல வந்துடும். ஒரு பேரைத் தொட்டா நம்பர், ரேங்க், படைப்பிரிவு, செத்த தேதி, எந்தக் கல்லறை இல்ல நினைவுச்சின்னம்னு வரும். பல இந்தியப் பதிவுகள்ல அப்பா பேர், அம்மா பேர், பொண்டாட்டி பேர், ஊர் பேர் வரைக்கும் இருக்கு. ஆனா ஊர் பேரெல்லாம் அந்தக் கால கிளார்க் காதுல விழுந்தபடி எழுதினது, வாய்விட்டு நாலு தடவை படிச்சாத்தான் எந்த ஊர்னே புரியும்.

பேர் போட்டுத் தேடறதுலயும் அதே கஷ்டம்தான். ஒரே 'சாமி'ங்கற பேரை இங்கிலீஷ்ல கடைசியில ஒய் போட்டு ஒருத்தர், ஐ போட்டு ஒருத்தர், நடுவுல டபிள்யூ சேத்து ஒருத்தர்னு எழுதி வெச்சிருக்காங்க. அதனால நான் பேர் கட்டத்தை காலியா விட்டுட்டேன். இங்கதான் எனக்குப் பல்பு எரிஞ்சது. என் தாத்தா இதுல இல்ல சரி, ஆனா அவர் கூட இருந்தவங்க இருப்பாங்களே?

படைப்பிரிவு கட்டத்துல மெட்ராஸ் சாப்பர்ஸ், வருஷம் 1944, 1945, அவ்வளவுதான் போட்டேன். வந்த லிஸ்ட்டை எக்செல்லா இறக்கிக்கலாம், இது ஒண்ணுக்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கினேன். கிழிஞ்ச டிஸ்சார்ஜ் பேப்பர்ல கம்பெனி நம்பர் (கம்பெனின்னா படைக்குள்ள இருக்கற சின்னப் பிரிவு) மட்டும் தப்பிச்சிருந்தது, சில பதிவுகள்ல கம்பெனி நம்பர் போட்டிருக்காங்க, பலதுல இல்ல, இருக்கறதை மட்டும் பிரிச்சு வெச்சேன். கையளவு பேர்தான். ஆனா அந்தத் தேதிகளைப் பாத்தா ஒரு கம்பெனி எப்ப அடிபட்டுச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது. 1944 நடுவுல ஒரு கொத்து, அப்புறம் மாசக்கணக்கா ஒண்ணுமே இல்ல, 1945 பிப்ரவரில இன்னொரு கொத்து.

ஒரு விஷயம் கவனமா இருக்கணும், நானே இதுல ஒரு வாரம் ஏமாந்தேன். கல்லறை லிஸ்ட்ல மட்டும் தேடிட்டு இந்துக்கள் யாருமே இல்லையேன்னு குழம்பிட்டேன். எரிச்சவங்களுக்கு ஏது கல்லறை? அவங்க பேரெல்லாம் தகன நினைவுச்சின்னம்னு தனியா இருக்கு. கோஹிமால இருக்கற அந்த மாதிரி ஒண்ணுல மட்டும் 917 இந்து, சீக்கிய வீரர்கள் பேர். இம்பால்ல ஒண்ணு, ரங்கூன் பக்கம் தாவுக்யான்ல ஒண்ணு. உடம்பே கிடைக்காதவங்க, எங்க விழுந்தாங்கன்னே தெரியாதவங்க பேர் தாவுக்யான்லயே ரங்கூன் நினைவுச்சின்னத்துல, அது மட்டும் சுமார் 27 ஆயிரம் பேர். நினைவுச்சின்னம் ரங்கூன்ல இருக்குன்னா ஆள் ரங்கூன்ல செத்தார்னு அர்த்தம் இல்ல, பர்மால எங்க வேணா இருக்கலாம், அசாமா கூட இருக்கலாம். நிறையப் பேர் இதைத் தப்பா எடுத்துக்கறாங்க.

அதனால தேதியை இங்க எடுத்துக்கிட்டு இடத்தை வேற பக்கம் தேடணும். லண்டன் கியூல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூ.ஓ. 172ன்னு ஒரு வரிசை, தென்கிழக்கு ஆசியாவுல இருந்த படைகளோட போர் டைரி. இந்தியப் படைப்பிரிவுகளோடதும் அதுல இருக்கு. கேட்டலாக் ஆன்லைன்ல இலவசம், நகல் வேணும்னா காசு. சாதா சிப்பாய் பேரை அதுல எதிர்பாக்காதீங்க, டைரி எழுதினவங்க ஆபீசர் பேரைத்தான் எழுதுவாங்க. ஆனா "இன்னைக்கு கம்பெனி எங்க இருந்துச்சு"ன்னு நாள் வாரியா தெரியும். முழு டைரி கேட்டா ஏகப்பட்ட பக்கம், எனக்கு எந்த மாசம்னு தெரிஞ்சிருந்ததால அதை மட்டும் கேக்க முடிஞ்சது, அந்த மாசத்தை எனக்குச் சொன்னது செத்தவங்க லிஸ்ட்தான்.

1945 பிப்ரவரி. தாத்தா மாதிரி ஆட்கள் இருந்த பிரிட்டிஷ் பதினாலாவது படை, பர்மாவுல ஐராவதி ஆத்தைக் கடந்த சமயம். ஆறு ஒரு மைலுக்கு மேல அகலம் இருக்கற இடம், எதிர்க்கரையில ஜப்பான்காரன். ஆளையும் டாங்கியையும் படகுல, மிதவையில ஏத்தி அக்கரை சேக்கற வேலை சாப்பர்களோடது. என் தாத்தா அன்னைக்கு எந்தப் படகுல இருந்தார்னு எந்தப் பேப்பரும் சொல்லாது, ஆனா அவர் கம்பெனி அந்த ஆத்தங்கரையில இருந்துச்சுன்னு டைரி சொல்லுது. பாட்டி இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்.

குறைன்னு பாத்தா, தமிழ்ல கிடையாது, இங்கிலீஷ் தெரியாத பெரியவங்க தனியா பயன்படுத்த முடியாது. அப்புறம் எல்லார் பேரும் இருக்குன்னு நம்பிடக் கூடாது. முதல் உலகப்போர்ல செத்தவங்கள்ல குறைஞ்சது 1 லட்சத்து 16 ஆயிரம் பேரோட, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து ஆட்களோட பேரைப் பொறிக்காமலே விட்டுட்டோம்னு ஆணையமே 2021ல அறிக்கை விட்டு மன்னிப்பும் கேட்டுச்சு. ரேங்க், மதம், நிறம் பாக்காம எல்லாருக்கும் ஒரே மரியாதைங்கறது அவங்க கொள்கை, அதை எழுதி வெச்சுக்கிட்டே இப்படி நடந்திருக்கு. கேட்டப்புறம் ஒத்துக்கிட்டாங்க, அந்த அளவுக்கு சரி.

இன்னொண்ணு குறைன்னு சொல்ல முடியாது, ஆனா மனசுல இருக்கு. ரெண்டாம் போர்ல இந்தியப் படையில இருந்தவங்க 25 லட்சம் பேர், செத்தவங்க 87 ஆயிரம். அந்த 87 ஆயிரத்துக்கு இவ்வளவு சுத்தமா ஒரு பதிவு. வீடு திரும்பினவங்களுக்கு லாங் ரோல்ல ஒரு வரி.

என்னோட மார்க் 5க்கு 4.5. வேலை எளிசு, காசு இல்ல, ஒவ்வொரு பேருக்கும் ஒரு சான்றிதழ் மாதிரி இறக்கிக்கலாம். நானும் ஒண்ணு இறக்கினேன். என் தாத்தா நம்பருக்கு மூணு நம்பர் தள்ளி ஒருத்தர், கிட்டத்தட்ட ஒரே சமயத்துல சேந்திருக்கணும், ஒரே வரிசையில நின்னுகூட இருக்கலாம். அந்த பிப்ரவரில செத்திருக்கார், ரங்கூன் நினைவுச்சின்னத்துல பேர். அப்பா பேர் இருக்கு, ஊர் இருக்கு, பொண்டாட்டி பேர் இல்ல. பிரிண்ட் எடுத்து தாத்தா மெடல் இருக்கற பெட்டியிலயே வெச்சிருக்கேன், அவர் வீட்டுல யாராவது தேடினா கொடுக்கலாம்னு.

அந்தக் காசு சைட்ல இருந்து இன்னைக்கும் மெயில் வருது, என் தாத்தா கிடைச்சிட்டாராம். இந்த தடவை கனடால.