நர்சரிக்கு பார்கோடு: ஹெட் போன கடுப்பில் எழுதுவது

என் நர்சரியின் பார்கோடு பிரிண்டருக்கு ஹெட் (சூடாகி எழுத்தை அடிக்கும் பாகம்) மாற்றிய பில் கையில் இருக்கிறது, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், காரம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் நர்சரி வைத்திருக்கும் நண்பர் வேறு "நானும் பார்கோடு போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்க்காத வயதில் இமாம்பசந்த் மா ஒட்டையும் பங்கனப்பள்ளி ஒட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய ஆட்களே தடுமாறுவார்கள். இப்போது நேற்றுச் சேர்ந்த பையன்கூட ஸ்கேன் பண்ணி, ரகம், பை அளவு, விலை எல்லாம் சரியாக பில் போட்டுவிடுகிறான். ஒட்டுக் கட்டும்போதே டேக் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சொந்தக் கடைக்கு கோட் 128 என்ற பார்கோடு வகை போதும், நாமே எண் வைத்துக்கொள்ளலாம். சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குக் கொடுப்பவர்தான் பார்கோடு எண் கொடுக்கும் ஜிஎஸ்1 அமைப்பில் பதிந்து 890-இல் தொடங்கும் எண் வாங்க வேண்டியிருக்கும்.

எரிச்சல் முழுக்க ஸ்டிக்கரில்தான். விற்றவர் முதலில் தலையில் கட்டியது ரிப்பன் (மை பூசிய நாடா) இல்லாமல், சூட்டிலேயே கறுக்கும் தெர்மல் பேப்பர், கூரியர் பார்சலில் ஒட்டியிருக்குமே, அதேதான். சித்திரை வெயிலில் கோடெல்லாம் வெளுத்துப்போகும், மிச்சத்தைத் தண்ணீர் ஊறவைத்துவிடும். சரி என்று ரிப்பன் பிரிண்டருக்கு மாறினால், மெழுகு ரிப்பனில் அடித்தது ஈரக்கை உரசினாலே தேய்ந்தது, ஸ்கேனர் பீப் அடிக்காமல் முழிக்கும், வாடிக்கையாளர் என்னைப் பார்ப்பார். கடைசியில் நின்று பிடித்தது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் டேக்கும் மெழுகுக்குப் பதில் ரெசின் (பிசின்) பூசிய ரிப்பனும்தான், உண்மையிலேயே அருமை, வெயில் மழை எதற்கும் அசையவில்லை. ஆனால் ரெசின் ஒட்ட ஹெட்டின் சூட்டைக் கூட்ட வேண்டும், கூட்டினால் ஹெட்டின் ஆயுசு குறையும். இதை விற்கிற ஒரு ஆளாவது வாயைத் திறந்து சொன்னாரா? ரிப்பேர் பார்த்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம், பை மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் கோடுகள் ஏணிப்படி போலக் கிடையாக வரும்படி ஒட்டுங்கள், நிறுத்தி ஒட்டினால் பையின் வளைவில் ஓரக் கோடுகள் ஸ்கேனருக்குத் தெரியாது. டேக்கைத் தண்டில் இறுக்கிக் கட்டவும் கூடாது, தண்டு பெருக்கும்போது பட்டையை அறுத்துவிடும்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ரோஜாவும் செம்பருத்தியும் விற்கிறவருக்கு பெயின்ட் மார்க்கர் போதும். இல்லை, போட்டே தீருவேன் என்றால், ஹெட்டுக்கு வாரன்டி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.